காலோவேயின் பாலுக்கு ஒரு பெயர் வேண்டும்: டம்ஃப்ரீஸ் அண்ட் காலோவே உள்ளாட்சி மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களுக்கும், கொள்முதல், பள்ளி உணவு, சுகாதார ஆய்வு ஆகிய பிரிவுகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், காசில் டக்ளஸ் ஊருக்கு அருகில் நான் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். அவற்றில் ஆறு ஆண்டுகள், இவ்வட்டாரத்துச் சிறு உற்பத்தியாளர்களின் சீஸ், ரொட்டி, புகையூட்டிய மீன், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றை விற்கும் ஒரு டெலி கடையில், வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்குச் சீஸை வெட்டி நிறுத்துத் தரும் வேலையைச் செய்தேன். அந்தக் கடை இப்போது இல்லை. அது மூடப்பட்ட நாளிலிருந்து என் மனத்தில் சேர்ந்துகொண்டே வந்தவற்றைத் தங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் தங்கள் அலுவலகத்திற்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்திலிருந்து வட அயர்லாந்துக்குப் படகேற ஏ75 நெடுஞ்சாலையில் விரையும் தமிழ்க் குடும்பங்கள் பல, இந்த மண்ணை வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. இங்கே என்ன விளைகிறது, அது யார் கையில் உணவாகிறது என்பதை அவர்களும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'நல்லுணவு நாடு' சட்டம், ஸ்காட்லாந்து அமைச்சர்கள் மட்டுமன்றி உள்ளாட்சி மன்றங்களும் நலவாழ்வு வாரியங்களும் தத்தம் உணவுத் திட்டத்தை எழுதி வெளியிட வேண்டும் என்ற கடமையை விதிக்கிறது. அந்தக் கடமையின்படி தாங்கள் எழுதும் திட்டத்தில், சிறு உணவு உற்பத்தியாளரும், அவர் பொருளை வாங்கி விற்கும் ஊர்க்கடையும், சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் அலங்காரமாக அல்லாமல், சாலையையும் பாலத்தையும் போலப் பேணப்பட வேண்டிய அடிப்படை வசதியாக இடம்பெற வேண்டும். ஏன் என்பதையும், எப்படி என்பதையும் நான் கண்டு அறிந்த அளவில் கீழே சொல்கிறேன்.

அட்லாண்டிக் காற்று கொண்டுவரும் மழையும், கடுங்குளிர் அதிகம் தங்காத கடற்கரைப் பருவமும் சேர்ந்து, ஐக்கிய இராச்சியத்தின் சிறந்த புல்வெளிகளில் சிலவற்றை இந்த மாவட்டத்திற்குக் கொடுத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கறவை மாடுகளில் ஏறத்தாழப் பாதி இங்கேதான் மேய்கின்றன. ஏறக்குறைய 1,45,000 பேர் மட்டுமே வாழும் ஒரு மாவட்டத்தில் இது மிகப் பெரிய செல்வம். ஆனால் அந்தப் பாலின் பெரும்பகுதி, பண்ணை வாசலில் வந்து நிற்கும் தாங்கி (டேங்கர்) வண்டியில் ஏறிய கணமே தன் பெயரை இழந்துவிடுகிறது. பத்துப் பண்ணைகளின் பால் ஒன்றாகக் கலந்து, லாக்கர்பியிலும் ஸ்ட்ரன்ராரிலும் உள்ள பெரிய ஆலைகளுக்கோ, மாவட்டத்திற்கு வெளியேயோ செல்கிறது. அந்த ஆலைகள் பல குடும்பங்களுக்கு வேலை கொடுக்கின்றன. அவை இல்லாவிட்டால் இங்குள்ள பண்ணைகள் பலவும் இல்லை. அவற்றுக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கேட்பது, பெயரோடு விற்கப்படும் சிறு பங்குக்கும் இந்த மாவட்டத்தில் இடம் வேண்டும் என்பதுதான். விலை வீழும்போது பெயரில்லாத பாலுக்குப் பேரம் பேசும் வலிமை கிடையாது. வாங்குபவர் இன்னொருவரிடம் போய்விடலாம். பசுவோ நாளைக் காலையிலும் கறக்கப்பட்டே ஆக வேண்டும்.

இந்தப் பாலுக்கு முன்பு பெயர் இருந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் இந்தத் தென்மேற்குப் பகுதியில் ஒரு குத்தகை முறை நிலவியது. நிலமும் மாடும் தீவனமும் பண்ணையாருடையவை. கறவையும் சீஸ் தயாரிப்பும் குத்தகைக்கு வந்த குடும்பத்துடையவை. ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பணமாகவோ சீஸாகவோ அந்தக் குடும்பம் அளந்தது. குத்தகைக்கு நிலம் எடுத்து நெல்லாக அளந்த மரபில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீஸிலிருந்து வடியும் தெளிந்த நீர் பன்றிகளுக்குப் போனது. பன்றி இறைச்சியும் வருமானமானது. டம்ஃப்ரீஸுக்கு வடக்கே நித் ஆற்றங்கரையில் உள்ள எல்லிஸ்லேண்ட் பண்ணையை 1788 முதல் 1791 வரை குத்தகைக்கு எடுத்திருந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், வளம் குன்றிய அந்த நிலத்தில் பயிர் கைகொடுக்காததால் கறவைக்கு மாறினார். அவருடைய மனைவி ஜீன் ஆர்மர் அங்கே சீஸ் செய்தார். பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்தை ஒவ்வோர் ஜனவரியிலும் கொண்டாடும் நாம், அந்தச் சமையற்கட்டில் பால் திரையக் காத்திருந்த பெண்ணையும் நினைத்துக்கொள்ளலாம்.

மேலும் ஒரு செய்தி தங்கள் கவனத்திற்கு உரியது. 1855இல், நமக்கு வடக்கே உள்ள அயர்ஷயரின் வேளாண் சங்கம், இங்கிலாந்தின் சோமர்செட்டிலிருந்து ஜோசஃப் ஹார்டிங் என்பவரை வரவழைத்து, செடார் என்ற கெட்டிச் சீஸின் செய்முறையை இப்பகுதி விவசாயக் குடும்பங்களுக்குக் கற்றுத்தரச் செய்தது. அந்தக் கைப்பக்குவம் அயர்ஷயரிலிருந்து காலோவே முழுவதும் பரவியது. அதற்காக நேரமும் செலவும் செய்தவர்கள் தனித்தனிக் குடும்பங்கள் அல்லர். பொது நோக்குடைய ஓர் அமைப்பு. இன்று காலோவேயின் பெயரைத் தாங்கிக் கடைகளில் நிற்கும் செடாரின் வேர் அந்த முடிவில் இருக்கிறது. பின்னர் ரயில் வந்தது, பால் கூடங்கள் வந்தன, 1933இல், விவசாயிகளின் பாலை மொத்தமாக வாங்கி விற்கும் பால் விற்பனை வாரியம் வந்தது. பண்ணை வீட்டில் சீஸ் செய்யும் பழக்கம் அரிதாகிப் போனது. 1994இல் வாரியமும் கலைக்கப்பட்டபோது, விவசாயிக்கு வாரியத்தின் பாதுகாப்பும் இல்லை, பழைய கைத்தொழிலும் இல்லை என்றாயிற்று.

அதன் பிறகு 2001 வந்தது. அந்த ஆண்டைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்வது பொருத்தமாகாது. நான் அப்போது இங்கே இல்லை, தங்களில் பலர் இருந்தீர்கள். மார்ச் 1ஆம் நாள் லாக்கர்பியில் கோமாரி நோய் உறுதியானதும், ஸ்காட்லாந்தில் நோய் கண்ட 187 பண்ணைகளில் 176 இந்த மாவட்டத்தில் இருந்ததும், நோய்ப் பண்ணையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் இருந்த நோயற்ற ஆடுகளும் கொல்லப்பட்டதும் இங்கே பெரியவர்கள் இன்றும் குரல் தாழ்த்திச் சொல்லும் செய்திகள். நான் வேலை செய்த கடைக்கு வரும் ஒரு முதியவர், மந்தை போன பிறகு விடிகாலையில் பழக்கத்தால் விழித்துக்கொண்டு, கறக்க எதுவும் இல்லாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்த வாரங்களைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த அழிவுக்கு மறு ஆண்டு, காசில் டக்ளஸ் தன்னை 'உணவு நகரம்' என்று அறிவித்துக்கொண்டது. விக்டவுன் புத்தக நகரமாகவும், கிர்கூப்ரி ஓவியர் நகரமாகவும் பெயர் பெற்றிருந்த வரிசையில், இந்தச் சிறு சந்தை ஊர் தன்னிடம் ஏற்கெனவே இருந்ததையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. உணவைச் செய்வதோ விற்பதோ தொழிலாகக் கொண்ட சுமார் ஐம்பது நிறுவனங்கள் ஊரிலும் சுற்றிலும் இருந்தன. அந்த அறிவிப்பு வெறும் விளம்பரம் அன்று என்றே நான் கருதுகிறேன். நிலமும் மாடும் உணவும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைத் துயரத்தின் நடுவில் ஓர் ஊர் உரக்கச் சொன்னது.

இன்று அந்தத் தொடர்பைக் காக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். பீஸ்விங் கிராமத்தில், 1984இல் தொடங்கப்பட்ட லாக் ஆர்தர் குடியிருப்பில், கற்றல் குறைபாடு உடைய பெரியவர்களும் மற்றவர்களும் ஒரே வீடுகளில் வாழ்ந்து, ஒரே பண்ணையில் உழைக்கிறார்கள். தங்கள் இயற்கை வேளாண்மைப் பாலில் சீஸ் செய்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், தங்கள் பண்ணைக் கடையிலேயே விற்கிறார்கள். அருகிலுள்ள 'கிரிஃபெல்' குன்றின் பெயரைத் தங்கள் சீஸ் ஒன்றுக்கு இட்டிருக்கிறார்கள். கேட்ஹவுஸ் ஆஃப் ஃபிளீட் அருகே ரெய்ண்டன் பண்ணையில், 1990களில் ஐஸ்கிரீமில் தொடங்கிய ஒரு குடும்பம், கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிக்காமலே பால் கறக்கும் முறையை 2012இல் முயன்று, நட்டத்தால் நிறுத்தி, 2016இல் மீண்டும் தொடங்கியது. கறவைத் தொழிலில் கன்றைப் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பிரித்துவிடுவதுதான் வழக்கம். கன்றுக்குப் போக மிஞ்சும் பாலைக் கறப்பது என்ற முடிவை ஒரு வணிகப் பண்ணை எடுப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, கன்று குடித்த பிறகு கறந்து பழகிய வீடுகளில் வளர்ந்தவர்கள் உடனே உணர்வார்கள். தாங்கி வண்டியில் கலந்துபோகும் பாலில் இப்படி ஒரு முடிவுக்கு விலை கிடைக்காது. பெயரோடு விற்றால் மட்டுமே கிடைக்கும்.

இவர்களைத் தவிர, கார்ஸ்லூத் கடலோரத்தில் சால்மனுக்குப் புகையூட்டுபவர்கள், உலர்பழமும் வெண்ணெயும் ஒரு கரண்டி வினிகரும் சேரும் எக்கிள்ஃபெகன் டார்ட்டை இன்றும் கையால் சுடும் அடுமனைகள், வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பட்டை கொண்ட பெல்டட் காலோவே மாட்டை இறைச்சிக்காக வளர்க்கும் மேட்டுநிலக் குடும்பங்கள் என்று பலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் எழுத ஆசைதான்; ஆனால் என் வேண்டுகோள் வேறோர் இடத்தைச் சுற்றியது. அது கடை.

டெலி கடை என்றால் வசதி படைத்தவர்கள் விலையுயர்ந்த பொருள் வாங்கும் இடம் என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. ஆறு ஆண்டுகள் அந்த மேசைக்குப் பின்னால் நின்ற எனக்கு அது வேறாகத் தெரிகிறது. வசந்தத்தில் மாடுகள் புல்லுக்குப் போனதும், புல்லில் உள்ள நிறமிச் சத்தால் சீஸ் பொன்னிறமாகும். குளிர்காலத்தில் கொட்டிலில் சேமித்த தீவனம் தின்னும் மாட்டுப் பாலில் அது வெளிறிப்போகும். "போன மாதம் வாங்கியது மஞ்சளாக இருந்ததே, இது பழையதா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் கொடுத்து, மாடு கொட்டிலுக்குப் போன கதையைச் சொன்னால், அவர் வாங்கிச் செல்வது மட்டுமன்றி, அடுத்த வசந்தத்தில் "மாடுகள் வெளியே வந்துவிட்டனவா?" என்று தானே கேட்பார். இந்த உரையாடல் நடக்காத இடத்தில் நிற மாற்றம் ஒரு குறை ஆகிவிடுகிறது. பெரிய அங்காடி நிறுவனம் ஒன்று எனக்குத் தெரிந்த ஒரு சீஸ் தயாரிப்பாளரை அணுகியபோது, ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே எடை, தள்ளுபடிக் காலத்து நட்டம் தயாரிப்பாளருக்கே, பணம் இரண்டு மாதத்திற்குப் பிறகு என்ற நிபந்தனைகளை வைத்தது. அவர் மறுத்துவிட்டார். மறுக்க முடிந்ததற்குக் காரணம், எங்கள் கடையைப் போன்ற சில கடைகள் அவருக்கு இருந்தன.

இதற்கு அடியில் ஒரு கணக்கும் இருக்கிறது. திட்டம் எழுதுபவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். கெட்டியான சீஸ் ஒரு கிலோ செய்ய ஏறத்தாழப் பத்து லிட்டர் பால் வேண்டும். அந்தச் சீஸ் ஒன்பது மாதமோ ஓர் ஆண்டோ அலமாரியில் முதிர வேண்டும். அதுவரை பாலின் விலை, மின்சாரம், கூலி எல்லாம் அந்த அலமாரியில் முடங்கிக் கிடக்கும். ஆகவே சிறு தயாரிப்பாளர் பலர், சில நாட்களிலேயே விற்றாக வேண்டிய மென்மையான புதுச் சீஸையும் சேர்த்துச் செய்கிறார்கள். அதில் வரும் கைப்பணம்தான் கெட்டிச் சீஸ் முதிரும்வரை குடும்பத்தைத் தாங்குகிறது. ஆனால் புதுச் சீஸ் தொலைதூரம் பயணம் போகாது. பத்து நாளில் அதன் காலம் முடிந்துவிடும். வாரத்துக்கு இருமுறை கொண்டுபோய்க் கொடுக்கும் தூரத்தில், அதை உடனே விற்றுத்தரும் ஒரு மேசை வேண்டும்.

எங்கள் கடையின் உரிமையாளர் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றார். எடுத்து நடத்த ஒருவரும் முன்வரவில்லை. கடை மூடிய சில மாதங்களில், எங்களுக்கு ஆட்டுப்பால் புதுச் சீஸ் கொடுத்துவந்த தயாரிப்பாளர் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார். அந்தச் சீஸில் எந்தக் குறையும் இல்லை. விரும்பி வாங்கியவர்களும் இருந்தார்கள். அதை வைத்து விற்க அருகில் இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். கடை மூடினால் விற்பனை குறையும் என்பதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பண்ணையில் ஒரு பொருள் பிறக்காமலே போய்விடும் என்பதை நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. தங்கள் கணக்கேடுகளில் அது ஒரு காலிக் கடையாக மட்டுமே பதிவாகியிருக்கும்.

இனி, தங்களால் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன்.

தங்கள் கையில் உள்ள மிகப் பெரிய கருவி, பள்ளிச் சமையலறைகளுக்குத் தாங்கள் வாங்கும் உணவு. ஸ்காட்லாந்தில் 2022 முதல் தொடக்கப் பள்ளியின் முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். மாவட்டத்தின் மிகப் பெரிய பந்தி அதுதான். பள்ளி உணவுக்கான ஊட்டச்சத்து விதிகள் கண்டிப்பானவை என்பதையும், உப்பும் கொழுப்பும் மிகுந்த முதிர்ந்த சீஸையும் புகையூட்டிய இறைச்சியையும் பிள்ளைகள் தட்டில் அள்ளி வைக்க முடியாது என்பதையும் நான் அறிவேன். அதை நான் கேட்கவும் இல்லை. பால், ரொட்டி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கேரட், கொத்திய மாட்டிறைச்சி ஆகியவை போதும். ஒரு சிறு அடுமனைக்கு நான்கு பள்ளிகளின் ரொட்டி என்பது, கோடைச் சுற்றுலாக் கூட்டத்தை நம்பாமல் பிப்ரவரியிலும் கதவைத் திறந்து வைக்க உதவும் உறுதியான வருமானம்.

இது நடக்காத காரியமும் அன்று. நமக்கு வடக்கே எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் கிழக்கு அயர்ஷயர் மன்றம், 2000களின் நடுப்பகுதியிலேயே இதைச் செய்து காட்டியது. பள்ளி உணவுக் கொள்முதலை ஒரே பெரிய ஒப்பந்தமாக விடாமல் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தது. விலைக்குக் கொடுத்த அதே மதிப்பைத் தரத்துக்கும் கொடுத்தது. காய்கறி நேராகவும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைத் தளர்த்தியது. ஐரோப்பியக் கொள்முதல் விதிகள் முழுமையாக நடைமுறையில் இருந்த காலத்தில், அவற்றை மீறாமலே அவர்கள் இதைச் செய்தார்கள். இன்று தங்களுக்கு அதைவிடச் சாதகமான சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் கொள்முதல் சீர்திருத்தச் சட்டம், சிறு நிறுவனங்கள் பங்கேற்க வழி செய்வதைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய கடமையைப் பொது அமைப்புகளுக்கு விதிக்கிறது. 50,000 பவுண்டுக்குக் குறைவான கொள்முதல்கள் அந்தச் சட்டத்தின் கண்டிப்பான நடைமுறைகளுக்குள் வருவதே இல்லை. ஒரு கிராமத்து அடுமனையோ காய்கறித் தோட்டமோ அந்த அளவுக்குள்தான் விற்கும். ஆகவே என் முதல் வேண்டுகோள்: மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், எந்தப் பொருளை எந்தப் பள்ளித் தொகுதிக்குத் தனியே பிரித்து வாங்கலாம் என்று பார்த்து, அப்படிப் பிரிக்கத் தகுந்தவற்றின் பட்டியலைத் திட்டத்திலேயே வெளியிடுங்கள். ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை, இரவு எட்டு மணிக்குக் கை கழுவிவிட்டு உட்காரும் ஒருவர் தனியாகப் படித்து நிரப்பக்கூடிய அளவில் எழுதுங்கள்.

சுகாதார ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட விரும்பவில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் பச்சைப் பாலைக் குடிப்பதற்கு விற்க 1983 முதல் தடை இருக்கிறது. பச்சைப் பாலில் செய்த சீஸுக்கு அனுமதி உண்டு, ஆனால் அதில் நுழையக்கூடிய கிருமிகள் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் உயிராபத்தானவை. அந்த மேசையில் நின்ற காலத்தில், கருவுற்ற பெண்களுக்குச் சில சீஸ்களை விற்க மறுத்துக் காரணத்தை விளக்கியிருக்கிறேன். 2021 அக்டோபரில், கடையிலேயே பொதிந்து விற்கும் உணவுக்கு முழுச் சேர்மானப் பட்டியலும் ஒவ்வாமைக் குறிப்பும் கட்டாயம் என்ற விதி வந்தபோது, ஒவ்வொரு சாண்ட்விச்சுக்கும் சீட்டு எழுதி ஒட்டியது வேலைச் சுமைதான். ஆனாலும் அது ஒரு பெண் பிள்ளையின் மரணத்தால் வந்த விதி என்பதை அறிந்து, மனமார ஒட்டினேன்.

நான் கேட்பது ஆய்வின் நேரத்தைப் பற்றியது. பழைய தொழுவத்தைச் சீஸ் அறையாக மாற்ற நினைக்கும் ஒரு விவசாயத் தம்பதி, கடன் வாங்கி, சுவர் கட்டி, வடிகால் போட்ட பிறகு, வடிகால் தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்பதைவிட, கட்டும் முன்பே வரைபடத்தோடு ஆய்வாளரிடம் வந்து கேட்க வேண்டும். தன் மேசையில் மட்டும் விற்பவருக்கு ஒரு விதமான பதிவும், பிற கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கத் தொடங்குபவருக்குக் கூடுதலான ஒப்புதலும் தேவைப்படும் எல்லை எங்கே இருக்கிறது என்பதை, அந்த எல்லையைத் தாண்டும் முன்பே அவர்கள் அறிய வேண்டும். இதற்கென்று பால், இறைச்சி, மீன் பதனத்தில் தேர்ந்த ஓர் அலுவலர் மாதத்தில் சில நாட்கள் ஒதுக்கப்பட்டால் போதும். டம்ஃப்ரீஸுக்கு அருகிலேயே பரோனியில் வேளாண் கல்லூரி இருக்கிறது. 1855இல் ஒரு வேளாண் சங்கம் செய்ததை, கல்லூரியும் மன்றமும் சேர்ந்து இன்று செய்ய முடியும்.

இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது மன்றத்தின் கையில் மட்டும் இல்லை. 1970களில் ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ 2,500 இறைச்சிக்கூடங்கள் இருந்தன. இன்று சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கின்றன. தன் மாட்டின் இறைச்சியைத் தன் பெயரில் விற்க விரும்பும் விவசாயிக்கு, ஓரிரு மாடுகளை ஏற்று, அதே மாட்டின் இறைச்சியைத் திருப்பித் தரும் கூடம் அருகில் வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஆர்க்னி தீவுகளின் மாட்டிறைச்சிக்குச் சட்டப்படி காக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் உண்டு. அங்கே பிறந்து, வளர்ந்து, அங்கேயே அறுக்கப்பட்டதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. 2018இல் அங்கிருந்த இறைச்சிக்கூடம் மூடப்பட்டதும் மாடுகள் கப்பலேற வேண்டியதாயிற்று. மாடும் புல்லும் மக்களும் அப்படியே இருக்க, பெயரைப் பயன்படுத்தும் வழி அடைபட்டது. பெல்டட் காலோவேக்கு அந்த நிலை வராதிருக்க, மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் சிறு எண்ணிக்கையை ஏற்கும் கூடங்கள் எவை, அவற்றின் நிலை என்ன என்ற ஆய்வைத் தங்கள் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே செய்யுங்கள்.

கடைகளுக்கு வருகிறேன். கட்டட வரிக்கான மதிப்பு 12,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கு ஸ்காட்லாந்து அரசு அந்த வரியிலிருந்து முழு விலக்கு அளிக்கிறது. அது நல்ல உதவி. ஆனால் எங்கள் கடை வரியால் மூடப்படவில்லை, வாரிசு இல்லாமல் மூடப்பட்டது. சீஸை வெட்டவும், பாதுகாக்கவும், எது எப்போது பதம் என்று அறியவும், பத்துத் தயாரிப்பாளர்களோடு கணக்கு வைத்துக்கொள்ளவும் தெரிந்த ஒருவர் உருவாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதைக் கற்றுக்கொள்ள இளைஞர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு அந்தக் கடைகளில் மிச்சம் இருப்பதில்லை. தச்சருக்கும் மின்பணியாளருக்கும் உள்ளதைப் போன்ற பயிற்சி ஊதியத்தை, உணவுக் கடையில் தொழில் கற்பவருக்கும் நீட்டிக்க வேண்டும். ஓய்வு பெற நினைக்கும் கடைக்காரர், மூடும் பலகையைத் தொங்கவிடுவதற்கு ஓராண்டு முன்பே வந்து பேச, மன்றத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அந்த ஓராண்டு கிடைத்திருந்தால் நானே எடுத்து நடத்தியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எடுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

திட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, தயாரிப்பாளர்களையும் கடைக்காரர்களையும் நேரில் அழைத்துக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி அழைக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கோ பிற்பகல் மூன்று மணிக்கோ டம்ஃப்ரீஸில் வைத்தால், கடை திறந்திருக்கும். சீஸ் தொட்டியில் பால் திரைந்துகொண்டிருக்கும். பிற்பகல் கறவை தொடங்கியிருக்கும். ஸ்ட்ரன்ராரிலிருந்து வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏப்ரல் மாதம் ஆடுகள் குட்டி ஈனும் காலம், அப்போது யாராலும் வர முடியாது. அக்டோபருக்குப் பிறகு ஒரு வார நாளில், மாலை ஏழரை மணிக்கு, ஒரு கூட்டம் காசில் டக்ளஸிலும் இன்னொன்று நியூட்டன் ஸ்டூவர்ட்டிலும் வையுங்கள். வருகிறவர்களுக்குத் தேநீரும், அவர்கள் செய்த ரொட்டியும் சீஸும் பரிமாற நான் வருகிறேன். வெட்டும் கம்பியும் பலகையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் டெலி கடைப் பணியாளர்,
காசில் டக்ளஸ் வட்டாரம்